சட்டப் படிப்புக் கடன்: கல்லூரி தரும் உதவியா, பத்து வருட அரசுத் தள்ளுபடியா?

அண்ணன் மகள் ஆகஸ்டில் இங்கே அமெரிக்காவில் லா ஸ்கூல் சேரப் போகிறாள். "கடனை நினைச்சா தூக்கம் வரலை அத்தை, நீங்க எப்படி அடைச்சீங்க?" என்று போன வாரம் கேட்டாள். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து எழுதுகிறேன்.

2014-இல் நான் படிப்பை முடித்தபோது கடன் 1 லட்சத்து 50 ஆயிரம் டாலர், வட்டி சராசரியாக 7 சதவீதம். வாடகை வீட்டிலிருந்து காலி செய்யச் சொல்லப்பட்டவர்களுக்காக வாதாடும் இலவசச் சட்ட உதவி அமைப்பில் வேலை. ஆண்டுச் சம்பளம் 48 ஆயிரம். பத்து வருடச் சமதவணை என்றால் மாதம் 1,740 டாலர் கட்ட வேண்டும். பிடித்தம் போகக் கையில் வந்ததே மூவாயிரத்துச் சொச்சம்தான்.

தனியார் வங்கிக்குக் கடனை மாற்றி வட்டியைக் குறைப்பது பெரிய நிறுவனங்களில் சேர்ந்த என் வகுப்புத் தோழர்களுக்குச் சரியாக இருந்தது. ஆனால் மாற்றிய அன்றே அது அரசுக் கடன் இல்லை என்றாகிவிடும், எந்த அரசுத் தள்ளுபடியும் கிடைக்காது. அதனால் எனக்கு எஞ்சியவை இரண்டு: கல்லூரியின் கடன் உதவித் திட்டம், மத்திய அரசின் பொதுச் சேவைக் கடன் தள்ளுபடி. முதலாவதை எல்ராப் என்றும் இரண்டாவதை பிஎஸ்எல்எஃப் என்றும் சொல்வோம்.

எல்ராப் புதிதல்ல. ஹார்வர்ட் சட்டப் பள்ளி 1978-லேயே தொடங்கிவிட்டது. சம்பளம் குறைவான வேலைக்குப் போகும் பட்டதாரியின் மாதத் தவணையில் ஒரு பங்கையோ முழுவதையுமோ கல்லூரி ஏற்கும். பெரும்பாலும் அந்தப் பணத்தையும் ஒரு கடனாகத்தான் தரும். அந்தக் காலம் முழுக்கத் தகுதியான வேலையில் இருந்தால் அதைத் தள்ளிவிடும். வரி விழாமல் இருக்க இந்த ஏற்பாடு. முதல் மூன்று வருடம் என் தவணையை முழுக்க என் கல்லூரியே கட்டியது. அது இல்லாமல் அந்த ஊர் வாடகையைச் சமாளித்திருக்க முடியாது.

பிஎஸ்எல்எஃப் 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. மத்திய அரசின் நேரடிக் கடனாக இருக்க வேண்டும். அரசு வேலை அல்லது 501 சி 3 வகை லாப நோக்கற்ற அமைப்பில் வேலை, வாரம் குறைந்தது 30 மணி நேரம். இப்படி 120 மாதத் தவணை கட்டினால் மீதி முழுக்கத் தள்ளுபடி, மத்திய வருமான வரியும் கிடையாது. தவணைகள் தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. தவணையை வருமானத்தை வைத்துக் கணக்கிடுவார்கள். எனக்கு முதல் வருடம் மாதம் 254 டாலர் வந்தது, கல்லூரி கட்டியதும் இந்தத் தவணையைத்தான். வட்டி மட்டும் மாதம் 875 ஏறிக்கொண்டிருந்ததால், கட்டக் கட்டக் கடன் வளர்ந்தது. அந்தப் பயத்தைத் தாங்க மனசு வேண்டும்.

சரி, எது மேல்? தகுதி எதை வைத்துத் தீர்மானமாகிறது, அது எத்தனை வருடம் நிலைக்கும் என்பதைப் பார்த்துத்தான் நான் பிஎஸ்எல்எஃப் பக்கம் சாய்ந்தேன்.

எல்ராப் வருமானத்தைப் பார்க்கிறது. 2017-இல் எனக்குக் கல்யாணம் ஆனது. கணவர் மென்பொருள் துறை, சம்பளம் 1 லட்சத்து 10 ஆயிரம். என் கல்லூரியின் விதிப்படி, இருவர் வருமானத்தையும் கூட்டிப் பாதியாக்கி, அது என் சம்பளத்தைவிட அதிகமானால் அதைத்தான் என் வருமானமாக எடுப்பார்கள். நான் வாங்கியது 55 ஆயிரம், கணக்கில் விழுந்தது 82 ஆயிரத்து 500. அது கல்லூரியின் உச்சவரம்பைத் தாண்டியதால் அந்த வருடமே உதவி நின்றது. அதே நாற்காலி, அதே கட்சிக்காரர்கள், அதே சம்பளம், ஆனால் தகுதி போய்விட்டது. பல கல்லூரிகளில் இதே மாதிரிக் கணக்கு இருக்கிறது. சேரும்போது யாரும் இதைப் படிப்பதில்லை.

பிஎஸ்எல்எஃப் வேலை கொடுப்பவரைப் பார்க்கிறது. வருமானத்துக்கு உச்சவரம்பே இல்லை. தவணை எவ்வளவு என்பது மட்டும்தான் மாறும். கூட்டாக வரிக் கணக்குத் தாக்கல் செய்திருந்தால் என் தவணை மாதம் 1,170 ஆகியிருக்கும். தனித்தனியாகச் செய்ததால் 250-ஐ ஒட்டியே நின்றது. தனியாகச் செய்தால் சில வரிச் சலுகைகள் போகும். அதனால் ஒவ்வொரு ஏப்ரலிலும் இரண்டு விதமாகவும் போட்டுப் பார்ப்போம். கூடுதல் வரியைவிடத் தவணையில் மிச்சமானது எங்களுக்கு எப்போதும் அதிகமாகவே இருந்தது. சமூகச் சொத்துச் சட்டம் (கல்யாணத்துக்குப் பின் சம்பாதிப்பது இருவருக்கும் பொது என்பது) உள்ள கலிஃபோர்னியா, டெக்சஸ் மாதிரி மாநிலங்களில் இந்தக் கணக்கு வேறு, அங்கே வரி ஆலோசகரைக் கேட்பது நல்லது.

நிலைக்கும் தகுதிதான், ஆனால் பராமரிக்க வேண்டும். வருடம் தவறாமல் வேலைச் சான்று படிவத்தில் அலுவலகக் கையெழுத்து வாங்கி அனுப்புங்கள். கடனை நிர்வகிக்கும் நிறுவனம் நடுவில் மாறியபோது என் கணக்கில் 14 தவணைகள் காணாமல் போயின. பழைய படிவங்களும் வங்கி அறிக்கைகளும் கையில் இருந்ததால் ஏழு மாதத்தில் திரும்ப ஏறின. அப்புறம், சேவ் என்ற, வருமானத்தை வைத்துத் தவணை போடும் புதிய திட்டத்துக்கு மாறிய நண்பர்களுக்கு 2024-இல் நீதிமன்றத் தடை வந்ததும் தவணையே நிறுத்திவைக்கப்பட்டது, அந்த மாதங்கள் 120-இல் சேரவில்லை. நான் பழைய திட்டத்திலேயே இருந்ததால் 2024 நவம்பரில் 120 முடிந்தது. கோவிட் காலத்தில் கட்டாமலே எண்ணப்பட்ட மாதங்களும் அதில் உண்டு. தள்ளுபடியான தொகை கிட்டத்தட்ட 1 லட்சத்து 90 ஆயிரம். கடிதத்தை நான்கு முறை படித்தேன்.

சிறிய உதவிகளும் உண்டு. அரசு வழக்கறிஞர்களுக்கும், வசதியில்லாத குற்றவழக்கு எதிரிகளுக்காக அரசுச் செலவில் வாதாடும் பப்ளிக் டிஃபெண்டர்களுக்கும் கடனடைக்க உதவும் ஜான் ஆர். ஜஸ்டிஸ் திட்டம், மூன்று வருடம் வேலையில் இருப்பேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். மத்திய நீதித் துறை தன் வழக்கறிஞர்களுக்குத் தனியாக ஒன்று நடத்தி வந்திருக்கிறது. நிதி ஒதுக்கீட்டைப் பொறுத்தவை இவை, விண்ணப்பிக்கும் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. கிடைத்தால் வாங்கிக்கொள்ளலாம், நம்பி வீடு பார்க்கக் கூடாது. சம்பளம் குறைவான சிறு தனியார் அலுவலகத்தில் வேலை என்றால் பிஎஸ்எல்எஃப் கிடையாது. ஹார்வர்ட், யேல் மாதிரி சில இடங்களின் உதவி அங்கேயும் வரும். அந்த வழியில் நான் போகவில்லை, ஒரு தோழிக்கு நன்றாக நடந்ததைப் பார்த்ததோடு சரி. மாணவர் விசாவில் வருகிறவர்களுக்கு அரசுக் கடனே இல்லாததால், இந்த ஒப்பீடு அவர்களுக்குப் பொருந்தாது.

என் பத்து வருடம் பழைய விதிகளில் ஓடியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2026 ஜூலை 1 முதல் புதிதாகச் சேருகிறவர்களுக்கு, முழுச் செலவுக்கும் கிடைத்துவந்த கிராட் பிளஸ் என்ற அரசுக் கடன் இல்லை. சட்டப் படிப்புக்கு அரசுக் கடன் வருடம் 50 ஆயிரம், மொத்தம் 2 லட்சம்தான். வருமானத்தை வைத்துத் தவணை போடும் ராப் என்ற புதிய அரசுத் திட்டத்தில் 62 ஆயிரம் ஆண்டு வருமானத்துக்கு மாதம் 310 டாலர், கட்டியது போக மிஞ்சும் வட்டியைத் தள்ளிவிடுகிறார்கள். கடன் வளராது என்பது பெரிய நிம்மதி. அதே நாளிலிருந்து, சட்டவிரோத நோக்கம் கொண்டவை என்று கல்வித் துறை முடிவு செய்யும் அமைப்புகளை பிஎஸ்எல்எஃப்பிலிருந்து விலக்கும் விதியும் வருகிறது. வேலை கொடுப்பவரைச் சார்ந்த தகுதிக்கு இது ஒரு புதிய ஆபத்து, குடியேற்ற வழக்குகள் நடத்தும் அமைப்புகளில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

அண்ணன் மகளின் செலவு 50 ஆயிரத்தைத் தாண்டும். மிச்சத்துக்குத் தனியார் கடன்தான், அதற்கு பிஎஸ்எல்எஃப் உதவாது. அதனால் இடம் கொடுத்த இரண்டு கல்லூரிகளுக்கும் எழுதி, எல்ராப் தனியார் கடனையும் சேர்க்குமா, கல்யாணமானால் யார் வருமானத்தை எடுப்பார்கள் என்று கேட்கச் சொன்னேன். ஒரு கல்லூரியிலிருந்து பதில் வந்துவிட்டது. தனியார் கடனுக்கும் உண்டாம்.