கோண்டாவில் கிணற்றுத் தண்ணீரும் மூன்று பில்டர்களும்

எங்கள் வீட்டுக் கேத்திலின் அடியைப் பார்த்தாலே யாழ்ப்பாணம் கோண்டாவில் தண்ணீரைப் பற்றி விளங்கிவிடும். சுரண்டினால் சுண்ணாம்பு செதில் செதிலாக வரும். அந்தத் தண்ணீரில்தான் 2019 முதல் மீன் வளர்க்கிறேன். இரண்டடி நீளத் தொட்டி, கல் மண் போக 45 லீற்றர் பிடிக்கும்.

முதலில் போட்டது தொட்டிக்குள்ளே ஒட்டி வைக்கிற மோட்டர் பில்டர். மணிக்கு 600 லீற்றர் என்று பெட்டியில் போட்டிருந்தது. தொட்டித் தண்ணீர் மணிக்கு நாலைந்து தடவை சுற்றினால் போதும் என்பார்கள். இது பதின்மூன்று தடவை. கப்பி மீன்கள் பாவம், நாள் முழுக்க எதிர்நீச்சல். பில்டரின் வாயைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிட்ட பிறகுதான் கொஞ்சம் ஆறுதலாக நீந்தின. எட்டாவது மாதம் மோட்டர் கிர்ரென்று கத்தத் தொடங்கியது. கழற்றினால், உள்ளே சுழலும் காந்தத்தைச் சுற்றி அதே கேத்தில் சுண்ணாம்பு. வினாகிரியில் ஓர் இரவு ஊறவைத்துப் பழைய பிரஷ்ஷால் தேய்த்ததும் ஓடியது. பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இந்த வேலை.

அப்புறம் ஆசை விடவில்லை, கனிஸ்டர் வாங்கினேன், தொட்டிக்கு வெளியே வைக்கிற மூடிய பெட்டி பில்டர். “தம்பி, இதைப் பூட்டினா ஆறு மாசத்துக்குத் தொட்டியைத் திரும்பியும் பாக்கத் தேவையில்லை” என்றார் கடைக்கார அண்ணை. தண்ணீர் உண்மையிலேயே கண்ணாடி மாதிரித்தான் இருந்தது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் நின்றதே, அதுவரைக்கும். மூடிய பெட்டிக்குள் ஓட்டம் நின்றால், உள்ளே இருக்கும் நல்ல பக்டீரியா மிச்ச ஒட்சிசனையும் முடித்துவிட்டுச் சாகத் தொடங்கும். எனக்கு அப்போது அது தெரியாது. இரவு கரண்ட் வந்ததும் பெட்டிக்குள் கிடந்த அழுகல் தண்ணீர் முழுவதும் தொட்டிக்குள் போய்விட்டது. அறை முழுக்கக் கூழ்முட்டை மணம். விடியப் பார்த்தால் ஏழு மொலி மீன் மிதக்கிறது. அம்மா ஒன்றும் கதைக்காமல் அள்ளிக்கொண்டுபோய் வாழையடியில் தாட்டார். கனிஸ்டர் வைத்திருப்பவர்கள், நீண்ட நேரம் கரண்ட் போய் வந்தால், முதலில் பெட்டியைத் திறந்து அந்தத் தண்ணீரை வெளியே ஊற்றிவிடுங்கள்.

அதன் பிறகு இன்றுவரை இரண்டு ஸ்பொஞ்ச் பில்டரும் ஓர் எயார் பம்பும்தான். குமிழி மேலே போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும், அழுக்கு பஞ்சில் தங்கும். மீன் கழிவின் அமோனியாவை நைத்திரைற்றாகவும் பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றும் பக்டீரியா குடியிருப்பதும் அந்தப் பஞ்சில்தான். கரண்ட் போனாலும் பஞ்சு தொட்டிக்குள்ளேயே திறந்து கிடப்பதால் தாக்குப்பிடிக்கும். நேரம் நீண்டால் பற்றரி பம்பை மாட்டிவிடுவேன். பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே வைத்தால், கரண்ட் நின்றதும் ரியூப் வழியே தண்ணீர் இறங்கி பம்புக்குள் போகும். கழுவும்போது தொட்டித் தண்ணீரை ஒரு வாளியில் எடுத்து அதில் பிழிவேன், ஒரு கிழமைக்கு ஒரு பஞ்சு. ஒரு தைப்பொங்கலுக்கு வீடு துப்புரவாக்கும் உற்சாகத்தில் இரண்டையும் ஒன்றாகச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, கப்பிகள் மேலே வந்து வாயைத் திறக்கும்வரை என் கெட்டித்தனம் எனக்கு விளங்கவில்லை.

குறை இல்லாமல் இல்லை. இரவில் குளுகுளு சத்தம், மெல்லிய தூசி பிடிபடாது, பார்க்கவும் வடிவில்லை. கோல்ட் பிஷ் மாதிரி அதிகம் கழிவு போடும் மீனுக்கு இது காணாது.

ஒன்று, இந்த மூன்றில் எந்த பில்டரும் நைத்திரேற்றை எடுத்துவிடாது. அதற்குத் தண்ணீர் மாற்ற வேண்டும். ஆனால் தோட்டப் பசளை சுண்ணாம்புக்கல் வழியே இறங்கும் எங்கள் பக்கத்தில் கிணற்றிலேயே நைத்திரேற்று உண்டு. அதனால் மணிப்பிளாண்டின் வேரைத் தொட்டிக்குள் இறக்கிவிட்டிருக்கிறேன், நன்றாக இழுக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் பிடிக்கும் மழைத் தண்ணீரையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்பேன். கப்பிக்கும் மொலிக்கும் சுண்ணாம்பு கூடிய வன்தண்ணீர் பிடிக்கும் என்பதால் அளவோடுதான்.

கனிஸ்டர் இப்போது கட்டிலுக்கு அடியில். மச்சான் தன் கோல்ட் பிஷ்ஷுக்குக் கேட்கிறான். கொடுக்கலாம், அவன் வீட்டில் ஜெனரேற்றர் இருக்கிறது.