ஒரு 4கே, ஒரு எச்டி மானிட்டர்: லினக்ஸில் எக்ஸ்11-ஆ, வேலண்டா?

முத்தியால்பேட்டையில் வீட்டிலிருந்தே புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைக்கிறேன். பழைய 24 அங்குல எச்டி மானிட்டரோடு 27 அங்குல 4கே ஒன்று சேர்ந்ததும் தலைவலி தொடங்கியது. பழையதில் அங்குலத்துக்கு 92 பிக்சல், புதியதில் 163. பழையதில் எழுத்து சரியாக இருந்தால் புதியதில் எறும்பு மாதிரி தெரியும். லினக்ஸில் ஜன்னல்களைத் திரையில் காட்டும் வேலையைச் செய்பவை எக்ஸ்11, அதற்கு மாற்றாக வந்த வேலண்ட். இரண்டிலும் மாதக்கணக்கில் வேலை பார்த்தாயிற்று. இப்போது வேலண்டில் இருக்கிறேன்.

எக்ஸ்11 1987இல் வந்தது. எல்லாத் திரைகளையும் ஒரே பலகையாகப் பார்க்கும், எழுத்தளவும் பொதுதான். அதனால் மொத்தத்தையும் 200 சதவீதமாக்கி, எச்டி திரைக்கு மட்டும், திரைகளை அமைக்கும் எக்ஸ்ரேண்டர் (xrandr) கட்டளையால் 4கே அளவில் படம் வரைந்து, பாதியாகச் சுருக்கி அனுப்பினேன். வேலை நடந்தது. ஆனால் மெய்யெழுத்தின் புள்ளி மங்கிவிடும். மெய்ப்புப் பார்க்க வந்த ஆசிரியர் ஒருவர் முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய், "தம்பி, இது 'க'வா, 'க்'கா?" என்றார். சங்கடமாகிவிட்டது.

அதைவிடப் பெரிய தொல்லை, தினமும் அதைக் கட்டிக் காப்பது. லேப்டாப்பைக் காந்தி வீதி அச்சகத்துக்குக் கொண்டுபோய்த் திரும்பி வந்து வயரைச் செருகினால், கட்டளையை மறுபடி ஓட்ட வேண்டும். கரண்ட் போய் வந்தாலும் அதே கதை. எச்டி திரையில் எல்லாம் இரட்டிப்பாக வீங்கி நிற்கும். ஸ்கிரிப்ட் எழுதி வைத்தேன். வயரை வேறு போர்ட்டில் செருகினால் திரையின் பெயர் மாறிவிடும், ஸ்கிரிப்டும் படுத்துவிடும்.

வேலண்டில் ஒவ்வொரு திரைக்கும் தனி அளவு. நான் வைத்திருக்கும் டெஸ்க்டாப் கேடிஇ பிளாஸ்மா 6. அதில் 4கேக்கு 175 சதவீதம், எச்டிக்கு 100 என்று ஒருமுறை வைத்தேன். 163ஐ 1.75ஆல் வகுத்தால் 93, பழைய திரையின் 92க்கு ஒட்டியே வருகிறது. பக்கத்தை இங்கிருந்து அங்கே இழுத்தாலும் எழுத்து அதே அளவில் இருக்கிறது, புள்ளியும் பளிச்சென்று தெரிகிறது. வயரைக் கழற்றி மாட்டினால் பழைய அமைப்பு தானே வந்துவிடுகிறது. இப்படி 1.75 மாதிரிப் பின்ன அளவு சொல்வதற்கான நெறிமுறை 2022 கடைசியில்தான் வேலண்டில் சேர்ந்தது. அதற்கு முன்னால் பார்த்துக் கைவிட்டவர்கள் மறுபடி பார்க்கலாம்.

குறையும் உண்டு. எக்ஸ்11க்காக எழுதிய பழைய மென்பொருள்கள், அவற்றை வேலண்டில் ஓட வைக்கும் எக்ஸ்வேலண்ட் வழியாகத்தான் ஓடும். படம் திருத்தும் கிம்ப் 2.10இல் எழுத்து மங்கும், இல்லையென்றால் பொடியாகிவிடும். 2025 மார்ச்சில் வந்த 3.0க்கு மாறிய பிறகுதான் எனக்கு அந்தத் தொல்லை விட்டது.

நான் சொல்வதெல்லாம் இன்டெல் கிராபிக்ஸில் பார்த்தது. உங்கள் இரண்டு மானிட்டரும் ஏறக்குறைய ஒரே அடர்த்தி என்றால், சரி, எக்ஸ்11-ஏ போதும்.