திரிபோஷா: மாவுக்கு முழு மதிப்பெண், பங்கீட்டுக்குப் பாதி

விலை ஒட்டாத பொருளுக்கு யாரும் விமர்சனம் எழுதுவதில்லை. சும்மா கிடைப்பதில் குறை சொல்வது நன்றி கெட்ட வேலை என்ற எண்ணம். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் அரசு கிளினிக்கில் கொடுக்கும் சத்துமாவான திரிபோஷா சும்மா வரவில்லை, எல்லோருடைய வரியிலும்தான் வருகிறது. திருகோணமலை மாவட்டத்தில் குச்சவெளி தொடக்கம் வெருகல் வரை கைக்குழந்தை இருக்கும் வீடுகளில் அந்தப் பைக்கற்றைக் காணலாம். அதனால் கடைச் சாமானைப் பார்ப்பது போலவே இதையும் பார்ப்போம்: உள்ளே என்ன, ருசி எப்படி, அளவு போதுமா, சேரவேண்டிய வாய்க்குச் சேருகிறதா.

பைக்கற் 750 கிராம். சோளம், சோயா, பால்மா, அவற்றோடு சேர்த்த உயிர்ச்சத்துகளும் கனியுப்புகளும். 1973இல் தொடங்கிய திட்டம் இது. இப்போது ஜா-எலப் பக்கம் கபுவத்தையில் அரச கம்பனியின் ஆலையில் தயாராகிறது. ஒரு நாள் அளவு 50 கிராம். அதில் ஏறத்தாழ 200 கலோரியும் 10 கிராம் புரதமும் உண்டு. ஒரு முட்டையில் உள்ள புரதம் 6 கிராம் அளவுதான் என்பதை நினைத்தால் இது சின்ன விடயம் இல்லை. கடையில் அழகான பெட்டியில் விற்கும் பல தானிய மாக்களோடு சத்தளவில் தயங்காமல் போட்டி போடும்.

ருசியில் இரண்டு கட்சி. இலேசான இனிப்பும் சோயா வாசமும் சிலருக்குப் பிடிக்கும்; மசக்கைக் காலத்தில் அதே வாசம் குமட்டும். குமட்டுகிறவர்கள் சீனிப் பக்கம் போகாமல் உறைப்புப் பக்கம் போகலாம். தேங்காய்ப்பூ, பொடியாக வெட்டிய சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு, நாலு சொட்டுத் தேசிக்காய்ப் புளி சேர்த்துப் பிசைந்து உருண்டை பிடித்தால் சோயா வாசம் பெரும்பாலும் அடங்கிவிடும். இனிப்பு வேண்டுமென்றால் தேங்காய்ப்பூவும் கருப்பட்டியும், அல்லது மசித்த கதலிப் பழம்.

பலர் செய்யும் பிழை, இதைப் பச்சை மா என்று நினைத்துத் தாச்சியில் மணக்க மணக்க வறுப்பது. ஆலையிலேயே சூட்டிலும் அழுத்தத்திலும் வேகவைத்துத்தான் பைக்கற்றில் அடைக்கிறார்கள். மறுபடி வறுத்தால் சூடு தாங்காத உயிர்ச்சத்துகள்தான் போகும், வேறு பலன் இல்லை. கொதித்து ஆறிய நீர் போதும். அதையும் மாவின் மேல் மொத்தமாக ஊற்றினால் கட்டி விழும். முதலில் இரண்டு கரண்டி நீரில் பசை போல் குழைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இளக்க வேண்டும். ஆறு மாதம் தாண்டிய பிள்ளைக்குக் கரண்டியைச் சரித்தாலும் சட்டென வழியாத பதம் வேண்டும். கஞ்சித் தண்ணீர் மாதிரி நீர்க்கக் கொடுத்தால் வயிறு நிரம்பும், நிறை ஏறாது. பிள்ளையின் வயிறு சின்னது. அதற்குள் தண்ணீரை நிரப்பிவிட்டால் சத்துக்கு இடம் ஏது?

பிளேன்டீயோடு சேர்த்துச் சாப்பிடுவது இன்னொரு வழக்கம். தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. தேநீரை ஒரு மணித்தியாலம் தள்ளி வையுங்கள். பதிலுக்குக் கொய்யா, பப்பாசி, தேசிக்காய்த் தண்ணீர் எதுவும் நல்லது. கிளினிக்கில் தரும் இரும்புக் குளிசையையும் கல்சியம் குளிசையையும் ஒரே நேரத்தில் விழுங்கக் கூடாது என்பதும் இதே மாதிரியான கதைதான். நோன்பு மாதத்தில் கிண்ணியா, மூதூர்ப் பக்கம் கேட்கப்படும் கேள்வி ஒன்றும் உண்டு. கர்ப்பிணி நோன்பு பிடிக்கலாமா என்பதைக் கிளினிக்கில் வைத்தியரிடம் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். பிடிப்பதென்றால் அன்றைய பங்கை விடியலுக்கு முந்திய ஸஹர் சாப்பாட்டு நேரத்தில் எடுப்பது புத்தி. நோன்புக் கஞ்சிப் பானையில் கொட்டினால் அது வீடு முழுக்கப் பங்காகிவிடும்.

இந்தப் பங்குதான் திட்டத்தின் மெல்லிய இடம். மாதத்துக்கு ஒரு ஆளுக்கு இரண்டு பைக்கற், அதாவது 1,500 கிராம். 50 கிராம் வீதம் 30 நாள். காகிதத்தில் ஒரு கிராம் கூடப் பிசகாத கணக்கு. ஆனால் அது ஒரு ஆள் தனியாக உண்பதை வைத்துப் போட்ட கணக்கு. எங்கள் வீடுகளில் பானை ஒன்று. நாலு மணிக்கு மாமி உருண்டை பிடித்தால் கர்ப்பிணி மருமகளுக்கு இரண்டு, பள்ளிக்கூடத்தால் வந்த மூத்ததுக்கு இரண்டு, அடுத்ததுக்கு ஒன்று என்றுதான் போகும். நாலு பேர் பங்கிட்டால் தலைக்கு 12 கிராம் சொச்சம், 50 கலோரி. அது யாருடைய நிறையையும் ஏற்றாது. மாதம் தவறாமல் திரிபோஷா வாங்கியும் கிளினிக் கொப்பியில் நிறைக் கோடு ஏறாமல் கிடப்பதற்கு இது ஒரு முக்கிய காரணம். இதில் மாமியைக் குற்றம் சொல்ல முடியாது. மூன்று பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க ஒன்றுக்கு மட்டும் ஊட்டு என்று சொல்வது காகிதத்தில்தான் சுலபம். வாடைக் காலத்தில் கடல் கொந்தளித்துத் தோணி இறங்காத நாட்களில், வீட்டில் மற்றச் சாப்பாடு குறையக் குறைய இந்தப் பங்கீடு கூடத்தான் செய்யும்.

வீட்டளவில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பைக்கற் வந்த அன்றே அதைப் பதினைந்து பங்காகப் பிரித்துவிடுங்கள். தராசு வேண்டாம், பதினைந்து தடவை மொண்டால் பைக்கற் காலியாகும் அளவில் ஒரு சின்னக் கோப்பையைக் கண்டுபிடித்தால் அதுவே 50 கிராம். அந்தக் கோப்பையை டின்னுக்குள்ளேயே போட்டு வைக்கலாம். மற்றப் பிள்ளைகளுக்கு அதே நேரத்தில் அவித்த கடலையோ கௌபியோ ஒரு கைப்பிடி கொடுத்தால் சண்டை குறையும். தாய்க்கும் பிள்ளைக்கும் இரண்டு பேருக்கும் உரித்து இருந்தால் நாலு பைக்கற் வரவேண்டும். கொப்பியில் இருவர் பெயரிலும் பதிந்திருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள்.

டின் என்று சொன்னது காரணத்தோடுதான். கரையோர ஈரக் காற்றில் வாய் திறந்த பைக்கற் வெகுநாள் தாங்காது. முதலில் கட்டி பிடிக்கும், பிறகு வண்டு, பிறகு சிக்கு வாசம். வாசம் மாறிய மாவைக் கோழிக்குக் கூடப் போடாதீர்கள். சோளத்தில் வரும் பூஞ்சண நஞ்சான அப்ளடொக்சின் கண்ணுக்கும் நாக்குக்கும் பிடிபடாது. 2022இல் சின்னப் பிள்ளைகளுக்கான திரிபோஷா நாடு முழுக்கச் சர்ச்சையானது இந்த நஞ்சை வைத்துத்தான். அதற்கு முந்திய ஆண்டு இரசாயனப் பசளையைத் தடைசெய்ததில் சோள விளைச்சல் விழுந்து, திரிபோஷாவுக்கு நல்ல சோளம் கிடைப்பதே பாடாகியிருந்தது. விவசாயக் கொள்கை தும்மினால் போசாக்குக் கொள்கைக்குக் காய்ச்சல் வரும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

இனி, யாருக்குக் கிடைக்கும்? கர்ப்பிணிகள், பிரசவம் முடிந்து ஆறு மாதம் வரை பாலூட்டும் தாய்மார், ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை நிறை குறைந்த பிள்ளைகள். இந்தத் திட்டத்தில் மிகச் சரியாகச் செய்யப்பட்ட பகுதி இது. ஏழை என்று நிரூபிக்கத் தேவையில்லை. வருமானச் சான்றிதழ் கேட்டு விதானையாரிடம் அலையத் தேவையில்லை. தராசு சொல்வதுதான் சான்றிதழ். 2023 யூலையில் தொடங்கிய அஸ்வெசும என்ற அரச நிவாரணக் கொடுப்பனவோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். அங்கே கல்வி, சுகாதாரம், சொத்து, வீடு என்று ஆறு துறையில் 22 குறிகாட்டிகளை வைத்துப் புள்ளி போடுகிறார்கள். உண்மையிலேயே இல்லாதவர் அந்தப் புள்ளியில் தவறி, மேன்முறையீட்டோடு பிரதேச செயலகத்துக்கு நடப்பது தெரிந்த கதை. திரிபோஷாவில் அந்த அவமானம் இல்லை.

ஆனால் தராசுக்கும் ஒரு கோணல் உண்டு. வளர்ச்சி வரைபடத்தில் புள்ளி செம்மஞ்சளிலோ சிவப்பிலோ விழுந்தால் மா வரும். நிறை ஏறிப் பச்சைக்குள் வந்து நிலைத்ததும் நிற்கும். நன்றாக வளர்த்ததற்குத் தண்டனையா என்று தாய் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். நிறுத்தும்போதே மருத்துவமாதுவிடம் அடுத்த மூன்று மாதத்துக்கு என்ன ஊட்டுவது என்று கேட்டு வைப்பது நல்லது. திரும்பவும் கீழே விழும் பிள்ளைகள் இந்த இடைவெளியில்தான் விழுகிறார்கள். நிறை ஏறாததற்கு எப்போதும் சாப்பாடுதான் காரணம் என்றும் இல்லை. அடிக்கடி வயிற்றோட்டம், பூச்சித் தொல்லை, கொதிக்காத கிணற்றுத் தண்ணீர் இருந்தால் எத்தனை பைக்கற்றும் ஓட்டை வாளியில் ஊற்றுவதுதான்.

2016 குடித்தொகை, சுகாதார ஆய்வில் நாட்டின் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17 வீதம் வயதுக்கேற்ற உயரமில்லை, 15 வீதம் மெலிவு, 21 வீதம் நிறைக்குறைவு. திட்டம் தொடங்கி நாற்பது வருடம் தாண்டிய கணக்கு இது. மா மோசம் என்று இதற்கு அர்த்தமில்லை. ஒரு தலைக்கு அளந்த மாவை ஒரு குடும்பத்தின் பசி தின்கிறது என்பதுதான். அதனால்தான் 2015இல் மாதம் 2,000 ரூபாய் வீதம் 10 மாதத்துக்கு 20,000 என்று தொடங்கி, பிறகு தொகை கூட்டப்பட்ட கர்ப்பிணிகளின் போசாக்குக் கொடுப்பனவைத் திரிபோஷாவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்தக் கொடுப்பனவில் வரும் பருப்பும் நெத்தலிக் கருவாடும் பொதுப் பானைக்குப் போனால் மாவு தாயின் கோப்பையில் மிஞ்சும். இரண்டில் ஒன்று மட்டும் வரும் மாதத்தில் இரண்டுமே அரைகுறை.

தூரத்துக்கும் ஒரு விலை உண்டு. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு பாதைப் படகுக்குக் காத்திருப்பது போனது. அந்தப் பக்கத்துத் தாய்மாருக்கு அது எந்தச் சுகாதாரத் திட்டத்துக்கும் குறையாத உதவி. ஆனால் உட்புறச் சிற்றூர்களில் கிளினிக் நாள் என்றால் கூலி போகும் நாள்தான். ஓட்டோக் காசும் ஒரு நாள் கூலியும் சேர்ந்தால் இரண்டு பைக்கற் மாவின் பெறுமதியைத் தாண்டிவிடும். அப்படிக் கணக்குப் பார்த்துத்தான் சிலர் வராமல் விடுகிறார்கள்.

போகும் நாளில் கையோடு கொண்டுபோக வேண்டியவை: கிளினிக் கொப்பி, ஈரம் படாத பை. வாங்கியதும் காலாவதித் திகதியையும் ஒட்டு பிரிந்திருக்கிறதா என்பதையும் அங்கேயே பாருங்கள். பிரிந்திருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். மா வரவில்லை என்றாலும் நிறை பார்க்காமல் திரும்ப வேண்டாம். கோடு சறுக்குவதைக் காட்டுவது அந்த நிறைதான்.