மெனு பார்: நான்கு வருடம் கழித்து

போன வாரம் லேப்டாப்பின் கீபோர்டு மாற்ற எஸ்.பி. ரோட்டுக்குப் போயிருந்தேன். கூட வந்த நண்பர் திரையின் உச்சியில் இருந்த ஃபைல், எடிட், வியூ என்ற மெனு பார் வரியைக் காட்டி, "இன்னும் இதை வெச்சிருக்கியா? இடம்தானே வீண்" என்றார். பெங்களூர் வெயிலில் கடை வாசலில் நின்று விளக்க முடியவில்லை. நான்கு வருடமாகத் தினமும் இதில் மெய்ப்பு பார்க்கிறவன் என்பதால் நிதானமாகவே எழுதுகிறேன்.

என்னுடையது லினக்ஸில் கேடிஇ பிளாஸ்மா என்ற டெஸ்க்டாப், குளோபல் மெனுவோடு. எந்த விண்டோ முன்னால் இருக்கிறதோ அதன் மெனு திரையின் மேல் விளிம்பில் வரும். 1984இல் ஆப்பிள் முதல் மேக்கின்டோஷில் வைத்த அதே இடம். உபுண்டு லினக்ஸும் 2011இல் யூனிட்டி என்ற தன் டெஸ்க்டாப்போடு அங்கேதான் கொண்டுபோனது. மேலே கடிகாரம் போன்றவை இருக்கும் பட்டை (பேனல்) எப்படியும் இருக்கிறது, மெனு அதற்குள் அடங்கிவிடுகிறது. 768 பிக்சல் உயரமே உள்ள என் திரையில் இது இடத்தை மிச்சம்தான் பிடிக்கிறது.

விளிம்பில் இருப்பதில் இன்னொரு சுகம். விண்டோவுக்குள் இருக்கும் மெனுவைக் குறிபார்த்துப் பிடிக்க வேண்டும். விளிம்பில் இருந்தால் மவுஸை மேலே தள்ளினால் போதும், அம்புக்குறி அங்கே முட்டி நின்றுவிடும். இலக்கு பெரிதாகவும் அருகிலும் இருந்தால் கை சீக்கிரம் போய்ச் சேரும் என்று உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954இல் சொன்னதை என் மணிக்கட்டு தினமும் உணர்கிறது.

ஆனால் மெனு பாரின் அருமை எனக்குப் புரிந்தது அல்சூர் மாமாவால். எழுபது வயதுக்கு மேல் கம்ப்யூட்டர் பழகுகிறவர். கட்டுரையை பிடிஎஃப் ஆக்க வேண்டும் என்று போன் செய்தார்.

"மாமா, மேலே இடது ஓரத்துல முதல் வார்த்தை என்ன?"

"ஃபைல்னு இருக்குப்பா."

"அதை அழுத்துங்க. எக்ஸ்போர்ட்னு வருதா?"

ஒரு நிமிடத்தில் முடிந்தது. அடுத்த வாரம் வேறொரு செயலி. அதில் மெனு பார் இல்லை, மூன்று கோடு மட்டும். "எந்த மூணு கோடுப்பா? பிரவுசர்லயும் இருக்கே, இதுலயும் இருக்கே?" இருபது நிமிடம் ஆனது. கடைசியில் மாமா, "எனக்குத்தான் தெரியலை" என்றார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவர் மேல் ஒரு தப்பும் கிடையாது. அந்தக் கோடுகள் 1981இல் ஜெராக்ஸ் ஸ்டார் கம்ப்யூட்டரிலேயே இருந்தவை, நல்ல குறிதான். ஆனால் திறக்கும்வரை உள்ளே என்ன இருக்கிறது என்று அது சொல்லாது. வார்த்தையைப் போனில் வாசித்துக் காட்டலாம், படத்தை என்ன செய்வது?

மெனு பார் சொல்லியும் கொடுக்கும். லிப்ரே ஆபிஸில் திருத்தங்களைப் பதிவுசெய்ய கன்ட்ரோல்+ஷிஃப்ட்+சி என்று எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. எடிட் மெனுவில் அந்த வரிக்குப் பக்கத்திலேயே எழுதியிருந்தது. ஒரு வரி மங்கலாகத் தெரிந்தால், வசதி இருக்கிறது, இப்போதைக்கு முடியாது என்று அர்த்தம். பட்டனையே மறைத்துவிட்டால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது.

சரி, குறைகளும் உண்டு. படம் பார்க்க ஒரு செயலி வைத்திருக்கிறேன். அதைத் திறந்தால் மேலே வெறும் பட்டைதான், மெனுவே வராது. நான்கு வருடமாக அந்த வெற்றிடத்தைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. 27 அங்குல மானிட்டரில் மாட்டினால் இன்னொரு தொல்லை: விண்டோ வலது கீழ் மூலையில், மெனு இடது மேல் மூலையில். ஒவ்வொரு முறையும் திரை முழுக்க நடந்து வர வேண்டும்.

அதனால், இவ்வளவு புகழ்ந்த பிறகும், அந்த நண்பருக்குக் குளோபல் மெனுவை நான் சொல்லமாட்டேன். அவரிடம் இருப்பது பெரிய மானிட்டர். மெனு பார் விண்டோவுக்குள்ளேயே இருக்கட்டும், மறைக்க மட்டும் வேண்டாம். பயர்பாக்ஸில் ஆல்ட் தட்டினால் எட்டிப்பார்க்கும். கேடிஇயின் ஃபைல் மேனேஜரான டால்ஃபினில் கன்ட்ரோல்+எம். நான் என்னுடையதை மாற்றப்போவதில்லை.

மாமாவின் டால்ஃபினிலும் நேற்று ராத்திரி போனிலேயே கன்ட்ரோல்+எம் அழுத்தச் சொன்னேன். "வந்துடுச்சுப்பா, ஃபைல் வந்துடுச்சு" என்றவர், நான் கேட்காமலே அடுத்த வார்த்தையையும் வாசித்தார்.