மெம்பிரேனுக்கு முன் எதைக் கலப்பது: படிகாரமா, பாக்கா, ஃபெரிக்கா?

ஏரி நீரைத் தெளிவுத் தொட்டியில் வைத்துச் சுத்திகரித்துப் பழகியவர்கள் அல்ட்ரா ஃபில்ட்ரேஷனுக்கு (நுண்துளைச் சவ்வான மெம்பிரேன் வழியே வடிகட்டும் முறைக்கு) மாறும்போது, "திரள் பெரிதானால்தான் நல்லது" என்ற நினைப்பை முதலில் விட வேண்டும். தொட்டியில், மருந்தால் அழுக்கு ஒட்டிச் சேர்ந்த திரள் தானாக அடியில் இறங்க வேண்டும், அதற்குக் கனம் தேவை. மெம்பிரேன் துளையோ சுமார் 0.02 மைக்ரான், ஊசிமுனைத் திரளே போதும். மருந்தை வேகமாகக் கலந்து ஒன்றிரண்டு நிமிடத்தில் நேரே அனுப்பிவிடலாம். மருந்திலிருந்து கரைந்தபடியே தப்பிப் போகும் உலோகம் எவ்வளவு, படிந்தது பின்கழுவலில் (நீரை எதிர்த்திசையில் செலுத்திக் கழுவும்போது) கழன்று வருமா என்பவைதான் இங்கே கேள்விகள்.

படிகாரம் மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் பி.எச். 6-க்கும் 7-க்கும் இடையில்தான் அலுமினியம் ஏறக்குறைய முழுதாகப் பிரியும். பாசி மண்டிய ஏரியில் வெயில் ஏற ஏறப் பாசி கரியமில வாயுவை உறிஞ்சிவிடும், பிற்பகலில் பி.எச். 9-ஐத் தாண்டுவதுண்டு. அப்போது போட்ட படிகாரத்தில் ஒரு பங்கு அலுமினேட்டாகக் கரைந்து மெம்பிரேனைக் கடந்துவிடும். பி.எச். இறங்கும் இடத்தில், பெரும்பாலும் சுத்தநீர்த் தொட்டியில், வெண்படலமாக வெளிவரும். அடுத்து ஆர்.ஓ. (எதிர் சவ்வூடுபரவல்) இருந்தால் சிலிக்காவோடு சேர்ந்து அங்கே படியும். இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500 அலுமினியத்துக்கு வைத்திருக்கும் ஏற்கத்தக்க வரம்பு லிட்டருக்கு 0.03 மி.கி.; வேறு நீராதாரம் இல்லாதபோது 0.2 மி.கி.

மழைக்காலத்தில் சிக்கல் தலைகீழ். 1 மி.கி. படிகாரம் சுமார் 0.5 மி.கி. காரத்தன்மையை (அமிலத்தைத் தாங்கும் திறன், கால்சியம் கார்பனேட் கணக்கில்) தின்னும். காரத்தன்மை லிட்டருக்கு 25 மி.கி. மட்டுமே உள்ள கலங்கல் நீருக்கு 40 மி.கி. போட்டால் மிஞ்சுவது 5. பி.எச். சரிந்து அலுமினியம் மறுபடி கரையும். சுண்ணாம்போ சோடாவோ சேர்க்காமல் தீராது.

பாக், அதாவது பாலி அலுமினியம் குளோரைடு, பாதி வேலை முடிந்தே வரும் மருந்து. 70% காரநிலை (அமிலத்தன்மை முன்பே நடுநிலையாக்கப்பட்ட அளவு) உள்ள பாக், அதே அளவு அலுமினியத்துக்குப் படிகாரம் தின்னும் காரத்தன்மையில் ஏறக்குறைய 30%தான் எடுக்கும். கிலோ விலையைப் பார்த்து "பாக் விலை அதிகம்" என்பவர்கள் கணக்கில் தவறுகிறார்கள்: திடப் படிகாரத்தில் அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) சுமார் 17%, பாக் தூளில் 30% அளவுக்கு. அலுமினா கிலோவுக்கு என்ன விலை என்று பாருங்கள். அளவு மீறினால் அழுக்குத் துகளின் மின்னூட்டம் மாறி நீர் மறுபடி கலங்கும். இதில் பாக் மன்னிக்காது.

ஃபெரிக் குளோரைடு நிறத்தையும் கரைந்த கரிமப் பொருளையும் நன்றாகப் பிடிக்கும், பி.எச். 8-ஐத் தாண்டினாலும் இரும்பு பெரிதாகக் கரையாது. ஆனால் 1 மி.கி. (நீரற்ற கணக்கில்) 0.92 மி.கி. காரத்தன்மையைத் தின்னும். துருப்பிடிக்காத எஃகையும் அரிக்கும் என்பதால் மருந்துக் குழாயும் தொட்டியும் பிளாஸ்டிக்கில் இருக்கட்டும். மலிவுச் சரக்கில் மாங்கனீசு இருந்தால் மெம்பிரேனைத் தாண்டி, குளோரின் பட்டதும் கறுக்கும். பின்னால் ஆர்.ஓ. இருந்தால் குளோரினும் இரும்பும் சேர்ந்து அதன் மெம்பிரேனைச் சிதைக்கும்.

பி.எச். ஆடும் ஏரிக்கு பாக், பழுப்பு நிற நீருக்கு ஃபெரிக், பி.எச்.ஐக் கட்டுப்படுத்த ஆளும் கருவியும் இருந்தால் படிகாரம் என்பதே எங்கள் கணிப்பு. தேற்றாங்கொட்டை பானைக்கு அருமை, மெம்பிரேனுக்கு ஆகாது. கரைந்த கரிமம் துளையில் ஒட்டும். தெளிவுத் தொட்டிக்கு ஊற்றும் பாலிமருக்கும் இதே கதி.

அளவைத் தேர, 10 கிராம் மருந்தை 1 லிட்டர் நீரில் கரையுங்கள். அதில் 1 மி.லி., 1 லிட்டர் மாதிரிக்கு 10 மி.கி. ஆகும். ஒரு நிமிடம் வேகமாகக் கலக்கி, சற்றே மெதுவாகச் சுழற்றி, தெளிய விடாமல் 0.45 மைக்ரான் தாளில் வடியுங்கள். வடிநீரின் 254 நானோமீட்டர் ஒளி உறிஞ்சலையும் (கரைந்த கரிமத்தைக் காட்டும் அளவு) எஞ்சிய உலோகத்தையும் அளந்து முடிவெடுங்கள். கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவது போதாது.

ஓட்டத்தில் மெம்பிரேனின் இரு பக்க அழுத்த வேறுபாட்டைப் பாருங்கள். பின்கழுவலுக்குப் பின் பழைய அளவுக்கே இறங்கினால் அது வெறும் படலம். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடவே நின்றால் துளைக்குள் ஏதோ புகுந்திருக்கிறது. பெரும்பாலும் மருந்து போதவில்லை. உலோகப் படிவுக்கு சிட்ரிக் அமிலம், கரிமத்துக்கு ஹைப்போகுளோரைட். இரண்டுக்கும் நடுவே முழுதாக அலசுங்கள். கலந்தால் குளோரின் வாயு கிளம்பும்.