கேம்பர் வானில் மட்டக்களப்பு: ஒரு வாடகைச் சேவையின் மதிப்பீடு

படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தாங்கி, சிறிய குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றைப் பொருத்தி வாடகைக்கு விடப்படும் கேம்பர் வான்களைப் பற்றி இணையத்தில் வரும் மதிப்பீடுகள் பெரும்பாலும் அறுகம்பேக்கு அலைச்சறுக்க வருகின்ற இளம் வெளிநாட்டவர்களின் கண்கொண்டு எழுதப்பட்டவை. முழங்கால் வலியுள்ள ஒரு மூதாட்டியையும் இரண்டு சிறுவர்களையும் கொண்ட நம்மவர் குடும்பம் ஒன்று அதே வாகனத்தில் மட்டக்களப்பு போன்ற பழைய நகரமொன்றைப் பார்க்க வந்தால் அது எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதை யாரும் எழுதக் காணோம். அந்த நோக்கிலேயே இதை எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: ஊர் விட்டு ஊர் போவதற்கு இந்த வான் மிக நன்று, ஊருக்குள் சுற்றிக் காட்டுவதற்கு இதைப் போன்ற தொல்லை வேறில்லை.

ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்த பெரியம்மாவுக்காக அவருடைய மகன், எனக்கு அண்ணன் முறையானவர், கொழும்புக்கு அருகில் இயங்கும் நிறுவனமொன்றிடம் வாகனத்தை எடுத்திருந்தார். நம் ஊரில் கேடிஎச் என்று அழைக்கப்படும் உயர்ந்த கூரையுள்ள டொயோட்டா ஹையேஸ் வானையே உள்ளே மாற்றியமைத்திருக்கிறார்கள். முன்னால் மூவரும் பின்னால் மூவருமாக ஆறு பேர் ஆசனப்பட்டியுடன் அமரலாம். நால்வர் உறங்கலாம் என்று விளம்பரம் சொல்கிறது. அந்த நால்வரில் இருவர் ஏணியில் ஏறிக் கூரைமேல் விரியும் கூடாரத்தில் படுக்க வேண்டும் என்பதைச் சிறிய எழுத்தில் சொல்கிறது. ஒரு நாள் வாடகைக்குக் கல்லடிக் கடற்கரைப் பக்கம் நடுத்தரமான விருந்தினர் விடுதியொன்றில் இரண்டு அறைகள் எடுத்துவிடலாம் என்பதால், தங்குமிடச் செலவு மிச்சம் என்ற கணக்கில் இதை எடுப்பவர்கள் டீசலையும் சேர்த்துக் கூட்டிப் பார்ப்பது நல்லது.

நான் பொத்துவிலில் ஏறிக்கொண்டேன். கொழும்பில் தொடங்கி இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை வழியாகப் பொத்துவிலுக்கு இறங்கி, பின்னர் கரையோரமாக மட்டக்களப்பில் வந்து முடியும் ஏ4 வீதியில் இந்த வாகனம் தன் முழுத் தகுதியையும் காட்டியது. உயரமான இருக்கையில் இருந்து பார்க்கையில் அக்கரைப்பற்றுக்கு முன்னும் பின்னும் விரியும் வட்டைகள் எனப்படும் வயல்வெளிகள் கண்ணுக்கெட்டிய தூரம் தெரிந்தன. பெரியம்மா களைத்தபோது பின்னிருக்கையை விரித்துக் காலை நீட்ட முடிந்தது. பிள்ளைகளின் பசிக்குக் குளிர்சாதனப் பெட்டியில் தயிரும் பழமும் இருந்தன. விபுலானந்த அடிகளார் 1892இல் பிறந்த காரைதீவில் நிறுத்திய நாங்கள், அன்று மாலையே கல்லடி உப்போடையில் அவருடைய சமாதியையும் வணங்கிவிட்டோம். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவரின் வாழ்வை, ரொறன்ரோவில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த இரண்டு இடங்களுக்கும் இடையிலான வீதியிலேயே சொல்லி முடிக்க வாய்த்தது.

காரைதீவுக் கடற்கரையில் தேநீர் போட முயன்றதுதான் அன்றைய பெரும் வேலையாகிவிட்டது. அடுப்பு வானின் பின்கதவோரம் இழுப்பறை போல வெளியே இழுக்கும் வகையில் பொருத்தப்பட்டிருக்கிறது. தென்மேற்குப் பருவத்துக் கச்சான் காற்று வீசும் மாதங்களில் அந்த இடத்தில் சுடர் நிற்காது. காற்றுத் தடுப்புத் தகடு இருக்கிறது, ஆனால் அது மூன்று பக்கங்களை மட்டுமே மறைக்கிறது; நான்காவது பக்கத்தில் அண்ணன் பயணப்பெட்டியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்க, அண்ணி கேத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கக் கதவின் படியில் அமர்ந்திருந்த பெரியம்மா, "ஒரு தேத்தண்ணிக்கு இவ்வளவு பாடா மனே? மறுகா என்னத்துக்குக் கடை வெச்சிருக்காங்க?" என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. கல்முனை வரையிலும் தேநீர்க் கடைக்கும் அப்பக் கடைக்கும் குறைவில்லாத வீதி அது. ஆளரவமற்ற காடுகளுக்காக யோசிக்கப்பட்ட சமையலறை இங்கே பெரும்பாலும் வேலையற்றுக் கிடக்கிறது.

உள்வசதிகளில் பாராட்ட வேண்டியவை மூன்று. சன்னல்களின் நுளம்பு வலை இடைவெளியின்றிப் பொருந்துகிறது. கூரையிலுள்ள சூரியத் தகடும் தனிப் பற்றரியும் குளிர்சாதனப் பெட்டியை இரவு முழுவதும் தாங்குகின்றன. பின்னோக்கிச் செலுத்தும்போது உதவும் கமெரா தெளிவாகக் காட்டுகிறது. குறைகளோ அன்றாடம் உறுத்துபவை. தண்ணீர்த் தாங்கி 50 லீற்றர் மட்டுமே கொள்ளும். ஆறு பேர் முகம் கழுவி, கோப்பை கழுவி, கடல் மணலைக் காலிலிருந்து கழுவினால் பொழுது சாய்வதற்குள் குழாய் இருமத் தொடங்கிவிடும். பெட்டி வடிவிலான இரசாயனக் கழிப்பறையைத் திறந்து பார்த்த பெரியம்மா, அதை மூடிவிட்டு அதைப் பற்றிப் பிறகு பேசவே இல்லை. எல்லாவற்றிலும் பெரிய குறை, இயந்திரம் ஓடினால்தான் குளிரூட்டி இயங்கும் என்பது. வாவியும் கடலும் இருபுறமும் சூழ்ந்த மட்டக்களப்பின் புழுக்கமான இரவில் ஒரு சிறு மின்விசிறியை நம்பி, இரும்புக் கூட்டுக்குள் முதியவர்களைப் படுக்கவைக்க முடியாது.

இரவில் எங்கே நிறுத்துவது என்பது இன்னொரு கேள்வி. நிறுவனம் கொடுத்த வரைபடத்தில் கிழக்குக் கரையில் குறிக்கப்பட்டிருந்த இடங்கள் எல்லாம் திறந்த கடற்கரைகளே. மின் இணைப்போ, கழிவுநீரை ஊற்றுவதற்கான ஏற்பாடோ, பூட்டக்கூடிய படலையோ உள்ள ஓர் இடத்தையும் அவர்கள் காட்டவில்லை. ஆகவே எங்கள் வீட்டு வளவில், கிணற்றுக்கும் வேம்புக்கும் நடுவே நிறுத்தி, வீட்டிலிருந்து மின்கம்பி இழுத்துக் கொடுத்தோம். வந்தாரைப் போகவிடாமல் பாயோடு ஒட்டவைப்பவர்கள் என்று பெயரெடுத்த ஊர் இது. உள்ளே பாய்கள் விரித்தபடி கிடக்க, அண்ணனும் பிள்ளைகளும் வாடகை கொடுத்தாயிற்று என்பதற்காக வானுக்குள் போய்ப் படுத்தார்கள். பெரியம்மாவும் அண்ணியும் வீட்டுக்குள் மின்விசிறியின் கீழ் உறங்கினார்கள்.

மறுநாள் புளியந்தீவு. மட்டக்களப்பின் பழைய நகரம் வாவி நடுவிலுள்ள இந்தச் சிறு தீவில்தான் இருக்கிறது. பாலங்களால் கரையோடு இணைந்தது. தெருக்கள் வண்டில் மாட்டின் காலத்து அளவினை இன்னும் விட்டுவிடவில்லை. ஐந்து மீற்றருக்கு மேல் நீளமும் கூரைக் கூடாரத்தோடு சேர்த்து இரண்டரை மீற்றருக்கு மேல் உயரமும் கொண்ட வாகனத்தை அலுவலக நேரத்தில் அங்கே கொண்டுபோனால், நிறுத்த இடம் தேடுவதிலேயே காலை கழிந்துவிடும். கூடாரத்தின் உறை மரக்கிளையொன்றில் உரசிய சத்தத்தைக் கேட்டதும் அண்ணன் வாகனத்தைத் திருப்பி எங்கள் வளவிலேயே கொண்டுவந்து விட்டுவிட்டார். பிறகு இரண்டு ஓட்டோக்களில் போனோம். அந்த ஓட்டோக்காரர்கள் வேண்டிய இடத்தில் இறக்கி, வேண்டிய நேரத்தில் வந்து ஏற்றினார்கள். பெரியம்மா எந்த இடத்திலும் பத்தடிக்கு மேல் வெயிலில் நடக்கவில்லை. நாள் வாடகை கொடுத்த வாகனம் வேம்பின் கீழ் நின்றது என்பது மனதை அரித்தாலும், நகரத்தைக் காட்டியது ஓட்டோக்கள்தான்.

மட்டக்களப்பு வாயிலில் தொடங்கியது நல்லதாயிற்று. 1814இல் இங்கு வந்திறங்கிய மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் மறு ஆண்டே இறந்துபோனார். அந்தக் குறுகிய காலத்தில் அவர் தொடங்கியதே இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. பெரியம்மா 1820இல் உருவான வின்சன்ட் மகளிர் உயர்தரப் பாடசாலையின் பழைய மாணவி. ஆகையால் அந்த இடத்தில் நான் தயாரித்து வைத்திருந்த வரலாற்றுக்கு வேலையில்லாமல் போயிற்று; எந்த ஆசிரியை எந்த வீதியில் குடியிருந்தார், எந்த மழைக்கு வாவி எதுவரை ஏறியது என்பதையெல்லாம் அவரே சொல்லிக்கொண்டு வந்தார். உறவினருக்கு ஊர் காட்டுபவர்களுக்கு இது ஒரு குறிப்பு: வயதானவர் ஒருவர் கூட இருந்தால் அவரைப் பேசவிட்டு நாம் ஓட்டோக்காரருக்கு வழி சொன்னால் போதும்.

கோட்டையில் மட்டும் நான் வாய் திறக்க நேர்ந்தது. காலிக் கோட்டையைப் பார்த்துவிட்டு வந்திருந்த பிள்ளைகள் இதைக் கண்டதும், "சின்னதா இருக்கு" என்றார்கள். அளவில் சின்னதுதான். ஆனால் ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பேர்கன் 1602இல் இலங்கையில் முதன்முதலாகக் கால் வைத்தது மட்டக்களப்புக் கரையில். போர்த்துக்கேயர் 1628இல் கட்டிய இந்தக் கோட்டையைக் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனோடு சேர்ந்து ஒல்லாந்தர் 1638இல் பிடித்தபோது, இலங்கையில் அவர்கள் கைக்கு வந்த முதற் கோட்டை இதுவாயிற்று. காலி அவர்களிடம் விழுந்தது அதற்குப் பிறகு, 1640இல். 1795இல் ஆங்கிலேயர் வந்தனர். இருபுறம் வாவியும் இருபுறம் அகழியுமாக, நான்கு கொத்தளங்களோடு நிற்கும் இந்தச் சதுரத்துக்குள் நெடுங்காலம் கச்சேரி எனப்படும் அரச செயலகம் இயங்கியதால், பெரியம்மாவின் நினைவில் இது கோட்டையாக இல்லை; தகப்பனாரோடு வந்து பத்திரத்துக்காக வாங்கில் காத்திருந்த இடமாகவே இருந்தது. மதிலின் மேல் ஏறும் வழி முழங்கால் வலியுள்ளவர்களுக்கு உகந்ததன்று. அவர் நிழலில் அமர்ந்துகொள்ள, மற்றவர்கள் மேலே போய் வாவியைப் பார்த்தோம். காலை பத்து மணிக்குப் பிறகு அங்கே நிற்பது கடினம்.

கல்லடிப் பாலத்துக்கு இரவில் போக வேண்டும். லேடி மனிங் பாலம் என்ற பெயரோடு 1924இல் அமைந்த பழைய இரும்புப் பாலம், பக்கத்தில் யப்பானிய உதவியுடன் 2013இல் திறக்கப்பட்ட புதிய பாலத்துக்குப் பாரத்தைக் கொடுத்துவிட்டு நிற்கிறது. இந்த வாவியில் நிலவு இரவுகளில் மீன் பாடும் என்பார்கள்; அதைக் கேட்க நிலவுக் காலத்தில் படகு பிடித்தோம். படகுக்காரர் சவள் எனும் துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் அமிழ்த்தி மறுமுனையைச் சின்னவனின் காதில் வைத்தார். அவன் கேட்டது என்றான். அண்ணன் கேட்கவில்லை என்றார். எனக்குக் கேட்டது புதிய பாலத்தின் மேல் போன பேருந்துதான்.

நகருக்கு வெளியே போகும்போது வான் மறுபடியும் தன் மரியாதையை மீட்டுக்கொண்டது. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் ஆலயத்துக்குப் போவதற்குப் பெரியம்மாவின் காலத்தில் மண்முனைத்துறையில் படகுப்பாதைக்குக் காத்திருக்க வேண்டும். 2014இல் திறக்கப்பட்ட பாலத்தால் இப்போது வாகனம் நேரே போய்விடுகிறது. பறங்கித் தளபதி ஒருவன் பார்த்திருக்கக் கல் நந்தி எழுந்து புல் தின்றது என்ற ஐதீகத்தைப் பிள்ளைகள் வெகுவாக ரசித்தார்கள். கோயில் வீதி விசாலமானது, நிறுத்துவதில் சிரமமில்லை. பூசை முடியும்வரை பெரியம்மா வானுக்குள் காலை நீட்டி இளைப்பாறவும், உடை மாற்றவும் வசதியாக இருந்தது. ஓட்டோவில் இது நடவாது. முகத்துவாரத்துப் பக்கம், பாலமீன்மடுவில் 1913இல் எழுந்த 28 மீற்றர் உயரமான வெளிச்சவீட்டருகேயும் அப்படியே. பாசிக்குடாக் கடற்கரை பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இந்த வான்கள் அதற்காகவே செய்யப்பட்டவை.

நிறுவனத்தின் சேவை நடுத்தரமானது. வாகனத்தை ஒப்படைக்கும்போது எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினார்களாம். ஆனால் கையேடு ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கிறது. உதவி எண்ணில் தமிழ் பேச ஆளில்லை. தண்ணீர்ப் பம்பி நின்றுபோன அன்று வட்ஸ்அப்பில் அனுப்பிய செய்திக்குப் பதில் வருவதற்குள், எங்கள் தெருவில் மோட்டார் திருத்தும் தம்பி உருகியை மாற்றிக் கொடுத்துவிட்டார். அந்தச் சிறு தொகையைப் பற்றுச்சீட்டில்லை என்று கூறித் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள்.

வாகனத்தைத் திருப்பிக் கொடுத்தபோது முற்பணத்தில் ஒரு பகுதியை "உணவு வாடை நீக்குவதற்கு" என்று எழுதிக் கழித்திருந்தார்கள். வாடை இருந்தது உண்மை: அண்ணி வாவி நண்டை வானின் அடுப்பில், கதவுகளை அடைத்துக்கொண்டு சமைத்திருந்தார். ஆனால் சமைக்கலாம் என்று விளம்பரம் செய்த வாகனத்தில் சமைத்ததற்குப் பணம் பிடிப்பது எந்த ஊர் நியாயம் என்று அண்ணன் எழுதிக் கேட்டதன்பின் பாதித் தொகை வந்து சேர்ந்தது. இந்தப் பக்கம் வருபவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் வாடைக்குப் பணம் கழிப்பது பற்றிய வாசகத்தைத் தேடிப் படித்துவிட்டு, மீனையும் நண்டையும் வெளியே, காற்றுக்கு மறைவான இடத்தில் வைத்துச் சமைப்பது நல்லது.