மூடி வைத்த கோப்பையில் தரும் விஸ்கிக்கு மதிப்பெண் போடாதீர்கள்

விஸ்கியை முகர்ந்து, ஒரு மிடறை நாக்கில் நிறுத்தி, எந்த வட்டாரத்துச் சரக்கு எப்படி இருக்கிறது என்று குறிப்பேட்டில் எழுதி வைப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். அந்த ஆர்வத்தைத் தூண்டிலாக்கி என்னிடம் பணம் பறித்துவிட்டார்கள். பணம் போனதுகூடப் பெரிதில்லை. நான் எழுதிக் கொடுத்த மதிப்பெண்ணை மாற்றி, என் சொற்களையும் எடுத்துக்கொண்டு, அதை வைத்தே அந்தச் சரக்கை மற்றவர்களுக்கு விற்கிறார்கள். அதைப் பொறுக்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன்.

'ஆறு வட்டாரங்கள், ஆறு கோப்பைகள்' என்ற ஒரு விஸ்கி சுவைப்பு நிகழ்ச்சிக்குத்தான் அழைத்தார்கள். ஸ்காட்லாந்தின் லோலேண்ட், ஸ்பேசைடு, ஐலா தீவு, கேம்பல்டவுன், அமெரிக்காவின் கென்டக்கி, பிறகு ஜப்பான். ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு மதிப்பெண் போட வேண்டும். சுவைத்த ஆறு கோப்பைகளையும் வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம் என்று ஒரு சலுகையும் இருந்தது. கட்டணம் அதிகம்தான். ஆனால் இந்த ஆறையும் ஒரே மாலையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் வாய்ப்பு எளிதில் கிடைக்காது என்று நினைத்து முன்பணம் கட்டினேன்.

உள்ளே நுழைந்தபோதே கோப்பைகள் எல்லாம் ஊற்றப்பட்டு, சிறு மூடி போட்டு, எண் ஒட்டி வைக்கப்பட்டிருந்தன. பாட்டில்கள் எங்களுக்கு எட்டாத ஒரு மேசையில், படம் எடுப்பதற்கு வசதியாக வரிசையாக நின்றன. எங்கள் கண்ணெதிரே ஊற்றலாமே என்று ஒருவர் கேட்டார். விஸ்கிக்குக் கொஞ்சம் காற்றுப் பட வேண்டும், அதனால் முன்னதாகவே ஊற்றிவிட்டோம் என்றார் நடத்தியவர். காற்றுப் பட வேண்டியதற்கு மூடி எதற்கு என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை.

அடுத்து நடந்தது இன்னும் மோசம். நாங்கள் மூக்கைக் கோப்பைக்குக் கொண்டுபோகும் முன்பே அவர் வாசனைகளைச் சொல்லத் தொடங்கிவிட்டார். 'இதில் புல்வெளி வரும், எலுமிச்சைத் தோல் வரும், அடுத்ததில் தேனும் பேரிக்காயும் வரும்' என்று ஒவ்வொன்றாக அடுக்கினார். ஒருவர் காதில் ஒரு வாசனையின் பெயரைப் போட்டுவிட்டால் மூக்கு அதைத்தான் தேடும். வீட்டுக்கு வந்து என் தாளின் நகலைப் படித்துப் பார்த்தேன். முதல் இரண்டு கோப்பைகளுக்கு நான் எழுதியிருந்ததில் பாதி அவர் சொன்ன சொற்கள். நேர்மையான சுவைப்பில் எல்லோரும் எழுதி முடித்த பிறகுதான் நடத்துபவர் வாய் திறப்பார்.

தாளில் நிறத்துக்கு மட்டும் பத்து மதிப்பெண் ஒதுக்கியிருந்தார்கள். ஸ்காட்ச் விஸ்கியில் தண்ணீரும் கேரமல் நிறமியும் சேர்க்கச் சட்டமே இடம் தருகிறது. பாட்டிலில் தெரியும் பழுப்பு பீப்பாய் தந்ததா, நிறமி தந்ததா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்குப் பத்து மதிப்பெண் என்பது மொத்தத்தைச் சும்மா உயர்த்திக் காட்டும் வழி.

வரிசையும் தப்பு. புகைவாசம் கனத்த விஸ்கியைக் கடைசியில்தான் வைப்பார்கள். முதலில் வைத்தால் அந்தப் புகை நாக்கில் படிந்து, பின்னால் வரும் மென்மையான சரக்கு எதுவும் பிடிபடாது. இங்கே ஐலா கோப்பை மூன்றாவதாக வந்தது. அதற்குப் பின் வந்த மூன்று கோப்பைகளில் என்ன இருந்தாலும் கண்டுபிடிப்பது கடினம் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது கோப்பையில்தான் எனக்குச் சந்தேகம் முளைத்தது. முதல் முகர்வில் புகை குப்பென்று ஏறியது. கோப்பையை இரண்டு சுற்றுச் சுழற்றிவிட்டு மீண்டும் முகர்ந்தால் பாதி காணவில்லை. விழுங்கிய பிறகு தொண்டையில் புகையே இல்லை, வெறும் தித்திப்பு மட்டும் தங்கியது. ஐலாவின் புகை அப்படிப்பட்டது அல்ல. முளைகட்டிய பார்லியைப் பீட் என்ற மக்கிய சதுப்புநில மண்ணை எரித்த நெருப்பில் உலர்த்தும்போது, புகைவாசம் தரும் பீனால் என்ற சேர்மங்கள் தானியத்தில் ஏறுகின்றன. ஊறலிலும் வடிப்பிலும் பீப்பாயில் கிடக்கும் வருடங்களிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தாலும் அவை விஸ்கியின் உடம்போடு ஒன்றிப்போய் நிற்கும். விழுங்கி வெகுநேரம் கழித்தும் சாம்பலும் மருந்துநெடியும் அடிநாக்கில் இருக்கும். மேலே தெளித்த வாசனைதான் இப்படி ஓடிப்போகும்.

அதை அவரிடமே சொன்னேன். 'ஐலா என்றாலே புகை என்று நினைப்பது தவறு' என்றார். சொன்னது உண்மைதான். புனஹாவன் வடிசாலையின் வழக்கமான விஸ்கியில் புகை கிடையாது, ப்ருக்லாடியிலும் அப்படியே. ஆனால் மேசையில் நின்ற பாட்டில் தீவின் தென்கரையைச் சேர்ந்தது. லஃப்ராய்க், லாகவூலின், ஆர்ட்பெக் மூன்றும் அந்தக் கரையில்தான் இருக்கின்றன, மூன்றுமே புகைக்குப் பேர்போனவை. உண்மை ஒன்றைச் சொல்லியே என் வாயை அடைத்துவிட்டார். அந்த மூன்றில் எது என்று நான் இங்கே சொல்லவில்லை. அந்த வடிசாலை மீது குற்றம் ஏதும் இல்லை.

பாட்டிலில் ஒட்டிய சிட்டையில் ஆல்கஹால் 46 சதவீதம், குளிர்வடிகட்டாதது (குளிரவைத்து வடிகட்டாதது) என்று இருந்தது. அப்படிப்பட்ட விஸ்கியில் குளிர்ந்த தண்ணீர் சேர்த்தால் எஸ்டர் என்ற கொழுப்புத்தன்மையுள்ள சேர்மங்கள் பிரிந்து பெரும்பாலும் லேசாக மங்கும். நான் துளித்துளியாகச் சேர்த்து, கடைசியில் சம அளவு தண்ணீர் ஊற்றியும் அது பளிங்குபோல் தெளிவாகவே இருந்தது. இது ஒன்றை மட்டும் வைத்துப் போலி என்று தீர்மானிக்க முடியாது. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. 68 என்று எழுதினேன். எல்லாத் தாள்களையும் நாங்கள் ஒருவரோடொருவர் பேசும் முன்பே வாங்கிக்கொண்டார்கள். கொடுக்கும் முன் என் தாளைப் படம் எடுத்துக்கொண்டது என் நல்ல காலம்.

மற்றவர்கள் பாட்டில் வாங்கப் பணம் எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில் நான் மேசைக்குப் போய் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஐலா பாட்டிலின் அடிப்பக்கக் கண்ணாடியில் தொகுதிக் குறியீடு இருக்க வேண்டிய இடம் சுரண்டப்பட்டிருந்தது. விரலை வைத்தால் சொரசொரப்பு தெரிந்தது. கழுத்து உறையின் விளிம்பில் பசை காய்ந்து மஞ்சளாக ஒட்டியிருந்தது. காலிப் பாட்டிலை வாங்கி நிரப்பியிருக்கிறார்கள் என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

கேம்பல்டவுன் என்று வைத்திருந்ததில் நான் கேள்விப்படாத ஒரு பெயர். அந்த ஊரில் ஒரு காலத்தில் இருபதுக்கு மேற்பட்ட வடிசாலைகள் இருந்தன. நாம் கடைகளில் பார்ப்பது பெரும்பாலும் ஸ்பிரிங்பேங்க், கிளென் ஸ்கோஷியா, கில்கெரன் என்ற பெயரில் வரும் கிளென்கைல் ஆகிய மூன்றின் சரக்குதான். புதுப் பெயர் என்பதற்காக மட்டும் தள்ளிவிட மாட்டேன், வேறு வணிகர்கள் வாங்கித் தங்கள் பெயரில் அடைப்பது உண்டு. ஆனால் சிட்டையில் 'ப்யூர் மால்ட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. 2009ஆம் ஆண்டின் ஸ்காட்ச் விஸ்கி விதிகள் அந்தச் சொல்லையே தடை செய்துவிட்டன. சிங்கிள் மால்ட், சிங்கிள் கிரெய்ன், பிளெண்டட் மால்ட், பிளெண்டட் கிரெய்ன், பிளெண்டட் ஸ்காட்ச் என்ற ஐந்து வகைகளுக்குள் ஒன்றாகத்தான் எழுத வேண்டும். மால்ட் என்றால் முளைகட்டிய பார்லி, சிங்கிள் என்றால் ஒரே வடிசாலைச் சரக்கு, பிளெண்டட் என்றால் கலவை. அந்தச் சிட்டையில் பெயருக்குக் கீழே '12' என்று ஒரு பெரிய எண் வேறு. அருகில் வருடம் என்ற சொல் எங்குமே இல்லை. வயது என்று எழுதினால் உள்ளே இருப்பதிலேயே இளைய விஸ்கியின் வயதைத்தான் எழுத வேண்டும். வெறும் எண்ணைப் போட்டுவிட்டால் பார்ப்பவரே வருடம் என்று படித்துக்கொள்வார்.

ஜப்பான் பாட்டிலின் முன்பக்கத்தில் தூரிகை எழுத்தும் மலைப்படமும் அழகாக இருந்தன. பின்பக்கம் கடுகளவு எழுத்தில், இறக்குமதி செய்த விஸ்கிகளின் கலவை என்று இருந்தது. இதற்காகவே அந்நாட்டு மது உற்பத்தியாளர் சங்கம் 2021இல் ஒரு தரநிலை வகுத்து, 2024 ஏப்ரல் முதல் முழுமையாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஜப்பானிய விஸ்கி என்று சொல்ல வேண்டுமானால் ஊறல், வடிப்பு, குறைந்தது மூன்று வருடப் பீப்பாய் முதிர்ச்சி, பாட்டிலில் அடைப்பது எல்லாமே ஜப்பானில் நடக்க வேண்டும். அது சங்க உறுப்பினர்களுக்கான விதி. சங்கத்துக்கு வெளியே இருப்பவரை அது கட்டுப்படுத்தாது. ஆகவே பின்பக்கச் சிட்டையை நாம்தான் படிக்க வேண்டும்.

அன்றிரவு ஆறு கோப்பைகளையும் கழுவாமல் அப்படியே அலமாரியில் வைத்தேன். காலையில் காய்ந்த கோப்பைகளை ஒவ்வொன்றாக முகர்ந்தேன். இது பழைய முறை. ஆல்கஹால் பறந்துபோன பிறகு மிஞ்சும் வாசனை பொய் சொல்லாது. கென்டக்கிக் கோப்பையில் ஓக்கும் வனிலாவும் நன்றாகவே நின்றன. உட்புறம் கரித்த புதிய ஓக் பீப்பாயில்தான் பூர்பன் என்ற அந்த அமெரிக்க விஸ்கி கிடக்க வேண்டும், அதில் நிறமி சேர்க்கவும் கூடாது. அது ஒன்று நேர்மையான சரக்கு, மறுக்க மாட்டேன். லோலேண்டும் ஸ்பேசைடும் என்று சொன்ன இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை, இரண்டிலும் ஒரே பிஸ்கெட் வாசம். ஐலா கோப்பையின் அடியில் விரலை வைத்தேன். பிசுபிசுத்தது. விரல் நுனியில் தித்திப்பு. புகையின் சுவடு துளியும் இல்லை. தென்கரை விஸ்கி குடித்த கோப்பை என்றால் மறுநாள் காலை அறை முழுக்க அணைந்த அடுப்பின் வாசம் அடிக்கும்.

பணத்தைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டேன். 'உங்கள் நாக்கு இன்னும் பழக வேண்டும்' என்றார். புதிய பாட்டில் ஒன்றை என் எதிரில் திறந்து, மீதமிருப்பதோடு ஒப்பிடலாமா என்றேன். அதற்குப் பிறகு என் அழைப்பை எடுக்கவே இல்லை.

ஏமாறுவது ஆர்வலர்கள் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2017இல் சுவிட்சர்லாந்தின் ஒரு ஹோட்டலில் 1878ஆம் ஆண்டுச் சரக்கு என்று நம்பி ஒரே ஒரு கோப்பைக்குப் பெருந்தொகை கொடுத்தார் ஒருவர். ஆய்வகத்தில் சோதித்தபோது அது 1970களின் தொடக்கத்தில் தயாரான கலவை என்று தெரிந்தது. அந்த ஹோட்டல் தானும் ஏமாந்ததை ஒப்புக்கொண்டு முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தது. 2018இல் ஸ்காட்லாந்தில் அரிய பழைய பாட்டில்கள் 55ஐக் வயதைக் கணிக்கும் கதிரியக்கக் கார்பன் முறையில் சோதித்தபோது 21 பாட்டில்கள் போலி, அல்லது சிட்டையில் சொன்ன ஆண்டில் வடிக்கப்படாதவை. என்னுடையது அவ்வளவு விலையுயர்ந்த பாட்டில் அல்ல. அதனாலேயே யாரும் சோதிக்க மாட்டார்கள் என்ற துணிச்சல் அவர்களுக்கு.

யாராவது இப்படி அழைத்தால், பாட்டிலை உங்கள் முன் திறந்து ஊற்றுவார்களா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். தயங்கினால் போகாதீர்கள். போய்விட்டால் பாட்டிலைக் கையில் எடுத்துப் பின்பக்கமும் அடிப்பக்கமும் பாருங்கள். 2012 நவம்பர் முதல் சிங்கிள் மால்ட் ஸ்காட்ச் ஸ்காட்லாந்திலேயே அடைக்கப்பட வேண்டும், வேறு நாட்டில் அடைத்ததாகச் சிட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்திலிருப்பவரோடு பேசாமல் எழுதுங்கள், எழுதிய தாளைப் படம் எடுக்காமல் கொடுக்காதீர்கள்.

சில நாட்களுக்கு முன் அவர்களுடைய விற்பனைத் துண்டுத்தாள் ஒன்று கைக்கு வந்தது. அந்த ஐலா பாட்டிலின் படத்துக்குக் கீழே, 'சுவைத்தவர்கள் சொல்வது' என்ற தலைப்பில் 'முதல் முகர்விலேயே குப்பென்று ஏறும் புகை' என்று ஒரு வரி. அது நான் எழுதியது. 'உடனே மறைந்துவிடுகிறது' என்று அடுத்து எழுதியிருந்ததை வெட்டிவிட்டார்கள். பக்கத்தில் 92 என்று அச்சிட்டிருக்கிறார்கள். என்னிடம் இருக்கும் படத்தில், என் கையெழுத்தில், 68 என்றுதான் இருக்கிறது.